பதினொரு வீட்டுக் கதவைத் தட்டியவர்

செய்தி வந்தபோது நான் ஓசூர் ரோட்டில், அலுவலக வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். மேம்பாலத்துக்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிற வண்டிகள் எல்லாம் பொம்மனஹள்ளியிலேயே நின்றுவிட்டிருந்தன. காலை எட்டரை மணி இருக்கும். கைப்பேசியில் சுகுணா அக்காவின் மகள் கவிதாவின் பெயர் வந்தது.

"மாமா, அம்மா போயிட்டாங்க" என்றாள். குரலில் அழுகை இல்லை. அழுது முடித்திருந்தாள் போல. "காலைல செடிக்குத் தண்ணி ஊத்திட்டு எறங்கினாங்க. படியிலேயே உக்காந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. ஃபேக்டரி ஆளுங்களுக்கு நீங்க சொல்லிடறீங்களா?"

சரி என்றேன். வண்டியை விட்டு இறங்கி, சில்க் போர்டு வரைக்கும் புழுதியில் நடந்தே வந்தேன். நடந்துகொண்டே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னேன். சொன்ன எல்லோருமே ஏறக்குறைய ஒரே வார்த்தையைத்தான் கேட்டார்கள்: "அக்காவுக்கா?"

இந்த நினைவு மலரைப் படிக்கப்போகிறவர்களில் பாதிப் பேர் அடுகோடித் தொழிற்சாலையில் சுகுணா அக்காவோடு வேலை செய்தவர்கள். மீதிப் பேர் ஈஜிபுராவில் அவர் மாடியில் விளைந்த கீரையைச் சாப்பிட்டவர்கள். நான் இரண்டு கூட்டத்திலும் இருந்தவன். தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவு. குடியிருந்தது அவருடைய காம்பவுண்டிலேயே, இரண்டு வீடு தள்ளி. அதனால் எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். எழுதுவதற்கு எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அக்கா ஸ்டோர்ஸ் கிளார்க். அல்சூரில் பிறந்தவர். அவர்கள் பௌத்தக் குடும்பம். அப்பா கல் குவாரியில் வேலை பார்த்தவர். பத்தாவது முடித்து, தட்டச்சு கற்று, வேலைக்கு வந்தார். அவருடைய கணவர் ஏழுமலை அண்ணன் ஆட்டோ ஓட்டினார். ஒரே மகள் கவிதா. மோட்டார் வண்டிகளுக்கான சின்னச் சின்ன மின்கருவிகள் செய்கிற தொழிற்சாலை எங்களுடையது. அதில் ஆணி, வயர், ரப்பர் வாஷர் வரைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் அக்காவிடம் ஓர் அட்டை இருந்தது. எது வந்தது, எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று உருண்டையான கையெழுத்தில் எழுதிவைப்பார். மேலாளரே வந்து நின்றாலும் அட்டையில் எழுதாமல் ஒரு திருகாணியைக் கொடுக்கமாட்டார். "எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியாத பொருள் என் கையில இருக்கக் கூடாது" என்பார். அப்போது எங்களுக்கு அது ஸ்டோர்ஸ் பேச்சாகத்தான் தெரிந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கவிதாவுக்கு எட்டு வயதிருக்கும்போது, அந்தக் குழந்தைக்கு அடிக்கடி வயிறு கெட்டுப்போனது. இளைத்துக்கொண்டே வந்தாள். டாக்டர் சத்தான உணவு கொடுக்கச் சொன்னார். அக்கா நாள் தவறாமல் கீரை கடைந்து ஊட்டினார். இன்னும் மோசமானது. ஒருநாள் காலை அக்கா வழக்கமாக வரும் பாதையில் சாலை வேலை நடந்ததால், வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வேலைக்கு நடந்து வந்தார். பெரிய சாக்கடை ஓடை ஓரமாக வந்தபோது, ஒரு பெண் கீரைக் கட்டுகளை அந்த நீரிலேயே முக்கி முக்கி எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அக்காவுக்குத் தெரிந்த முகம். எங்கள் தெருவுக்குக் கூடையோடு வருகிறவள்தான். தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து அங்கே நிலம் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள்.

அக்கா சண்டை போடவில்லை. பக்கத்தில் போய் நின்று, "இத நீங்களும் சாப்பிடுவீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

அந்தப் பெண் கொஞ்சமும் மறைக்கவில்லையாம். "இல்லக்கா. எங்களுக்குன்னு அந்தாண்ட ரெண்டு பாத்தி இருக்குது. கெணத்துத் தண்ணி. அந்தத் தண்ணி ஊருக்கே போட்டா எங்க பத்தும்?" என்றாளாம்.

அன்று தேநீர் இடைவேளையில் அக்கா இதைச் சொன்னபோது நாங்கள் எல்லோரும் அந்தப் பெண்ணைத் திட்டினோம். அக்கா மட்டும் திட்டவில்லை. "அவ பொய் சொல்லலப்பா. இத்தன நாளா நான்தான் கேக்கல" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே பெண்ணிடம் போய், கிணற்றுத் தண்ணீர்ப் பாத்தியில் விளைந்த அரைக்கீரையின் விதை கொஞ்சம் கேட்டு வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். அதுதான் ஆரம்பம்.

வாடகை வீட்டில் எங்கே விதைப்பது? எட்டு வீட்டுக்கும் பொதுவான மொட்டைமாடி இருந்தது. ஆனால் அது துணி காயவைக்க மட்டும்தான் என்பது வீட்டுக்காரர் நஞ்சப்பாவின் சட்டம். அவர் முன்பக்க வீட்டிலேயே குடியிருந்தார். "மனெ மேலெ தோட்டானா?" என்றார் கன்னடத்தில். வீட்டின்மேல் தோட்டமா என்று கேட்டவர், ஒழுகினால் யார் பொறுப்பு என்றும் கேட்டார். அக்காவும் கன்னடத்திலேயே பதில் சொன்னார். ஒரு மழைக்காலம் மட்டும் விட்டுப் பாருங்கள், ஒரு சொட்டு இறங்கினாலும் நானே எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறேன் என்று. செங்கல் அடுக்கி அதன்மேல் சிமெண்ட் சாக்கில் மண் நிரப்பி வைத்தார். முதல் பெரிய மழை அடித்த அன்று சாயங்காலம் நஞ்சப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அக்கா அவர் வீட்டுக்குள் போய், ஸ்டூல் போட்டு ஏறி, உள்கூரை முழுவதையும் கையால் தடவிப் பார்த்தார். ஒரு மாதம் கழித்து நஞ்சப்பாவே தினமும் காலையில் மாடிக்கு வந்து, தண்டுக்கீரை எப்போது பறிக்கலாம் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

கவிதாவின் வயிறு சரியாயிற்று. கீரை மாற்றியதாலா, வயது ஏறியதாலா, எனக்குத் தெரியாது. அக்காவும் அப்படியெல்லாம் அடித்துச் சொன்னவர் இல்லை.

அக்கா கொஞ்சம் தொல்லை பிடித்தவரும்கூட. அதையும் எழுதத்தான் வேண்டும். கேன்டீனில் தேநீர்த் தூளை ஈரக் காகிதத்தில் தூவி, சாயம் இறங்குகிறதா என்று பார்ப்பார். மிளகாய்த்தூளைத் தம்ளர் தண்ணீரில் போட்டு, அடியில் என்ன தங்குகிறது என்று எல்லோருக்கும் காட்டுவார். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், எண்ணெய் எங்கே வாங்கினீர்கள் என்ற கேள்வி வந்துவிடும். அவருக்கு 'ஃபுட் இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வைத்தோம். அவருக்கு அது தெரியும். என் நிச்சயதார்த்தத்தில் ஜிலேபியின் நிறத்தைப் பற்றி அவர் என் மாமனாரிடமே கேட்டதை, என் மனைவி வசந்தி கல்யாணமாகி வந்து ஆறு மாதம்வரை மன்னிக்கவில்லை. பிறகு அவள்தான் தினமும் மாடிக்குப் போய் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாள்.

சிமெண்ட் சாக்குகள் வெயிலில் நைந்து கிழிந்தன. அந்த நேரம் பார்த்துத் தொழிற்சாலையில் காலி டிரம்கள் ஒதுக்கினார்கள். நீல நிற பிளாஸ்டிக் டிரம்கள், இடுப்பளவு உயரம். சோப்பு எண்ணெய் வந்த டிரம் என்று சொல்லி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அக்காவுக்கு ஒன்பது கிடைத்தன. கேட் பாஸையும் அவரே எழுதினார். ஏழுமலை அண்ணனின் ஆட்டோவில் மூன்று நடையாக, நானும் அக்காவும் ஏற்றி இறக்கினோம். ஒவ்வொன்றையும் பாதியாக அறுத்து, கழுவி, வெயிலில் காயவைத்து மண் நிரப்பினார். பதினெட்டுத் தொட்டிகள். மாடியே பச்சையாகிவிட்டது. அரைக்கீரை, முளைக்கீரை, பசலை, தக்காளி, மிளகாய். காம்பவுண்டில் ஏழு வீடு, பக்கத்துத் தெருவில் நான்கு வீடு, ஆகப் பதினொரு வீடுகளுக்கு முறைவைத்துக் கீரை போயிற்று. யாரிடமும் அவர் எதுவும் வாங்கியதில்லை. "என் வீட்டுக்குப் போடறத விடக் கொஞ்சம் அதிகமாப் போடறேன், அவ்வளவுதான்" என்பார்.

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. வசந்திக்கு அப்போது ஆறாவது மாதம். முதல் பிரசவம். இரும்புச்சத்து போதவில்லை என்று டாக்டர் சொன்னதிலிருந்து அக்கா எங்கள் வீட்டுக்கு மட்டும் முறை பார்க்காமல் கீரை கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் ஸ்டோர்ஸை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். பழைய அட்டைகளைப் பிரித்து அடுக்கும்போது, முலாம் பூசும் பிரிவின் அட்டை ஒன்று அக்காவின் கையில் வந்தது. அந்தப் பிரிவின் அமிலக் கழிவைச் சேர்த்துவைத்திருந்த டிரம்களின் எண்கள் அதில் இருந்தன. ஒவ்வொரு டிரம்மின் வெளிப்பக்கத்திலும் பெயிண்டால் எண் போட்டிருப்பார்கள். இரண்டு வருடமாகத் தினமும் தண்ணீர் ஊற்றும்போது பார்த்த எண்கள் அவை, அக்காவுக்கு மனப்பாடம். ஒன்பதில் நான்கு, அந்த அட்டையில் இருந்தன.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மாடியில் எண்களைச் சரிபார்த்தார். நான்கில் வளர்ந்ததை மட்டுமல்ல, பதினெட்டுத் தொட்டியிலும் இருந்த எல்லாச் செடிகளையும் பிடுங்கிப் போட்டார். ஏழுமலை அண்ணன், இதோடு நிறுத்திவிட்டால் போதும், யாருக்கும் சொல்ல வேண்டாம், சொன்னால் இந்தக் காம்பவுண்டில் நாம் இருக்க முடியாது என்று சொன்னாராம். இதைக் கவிதா எனக்குப் பல வருடம் கழித்துச் சொன்னாள். அண்ணன் கெட்டவர் இல்லை. நாம் எல்லோரும் சொல்லியிருக்கக்கூடியதைத்தான் அவர் சொன்னார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. அக்கா. குளித்து, ஈரத்தலையோடு நின்றார். வசந்திதான் கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொன்னாள். அவர் வரவில்லை.

"வசந்தி, நான் உனக்குக் குடுத்த கீரையில விஷம் இருந்திருக்கலாம்" என்றார். "அந்த டிரம்முல நாலு, ஆசிட் கழிவு வெச்சிருந்த டிரம். நேத்துதான் எனக்குத் தெரிஞ்சுது. எந்தத் தொட்டிக் கீரை யாருக்குப் போச்சுன்னு நான் எழுதி வெக்கல. அதனால உனக்கும் போயிருக்கும்னுதான் வெச்சுக்கணும். இன்னிக்கே டாக்டர்கிட்ட போகலாம். நானும் வர்றேன்."

வசந்தி வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான்தான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று முழுவதும் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஊர் கேன்டீனையெல்லாம் சோதித்தீர்களே, உங்கள் மாடியைச் சோதித்தீர்களா என்றேன். என் குழந்தைக்கு ஏதாவது ஆனால் சும்மா விடமாட்டேன் என்றேன். காம்பவுண்டில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். அக்கா ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசவில்லை. நான் முடித்ததும், "பத்து மணிக்கு ஆட்டோ நிக்கும்" என்று வசந்தியிடம் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனார்.

அன்று காலை அவர் பதினொரு வீட்டுக்கும் போனார். சில வீடுகளில் திட்டு விழுந்தது. ஒரு வீட்டில், கீரை நன்றாகத்தானே இருந்தது, இதையெல்லாம் எதற்கு வந்து சொல்கிறாய் என்று கோபித்துக்கொண்டார்கள். நஞ்சப்பா கேட்டுவிட்டு, மாடியைக் காலி செய்துவிடச் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

நானும் வசந்தியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அக்கா எங்களோடு வந்து, உள்ளே வராமல் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். பார்த்தவரையில் எதுவும் இல்லை, தொடர்ந்து கவனிக்கலாம் என்றார். எதுவுமே ஆகாது என்று அவர் எழுதிக் கொடுக்கவில்லை. யாராலும் கொடுத்திருக்க முடியாது. பிரசவம் வரைக்கும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் அக்கா அந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். நான் அவரோடு பேசவில்லை.

இதற்கு நடுவில் அவர் தொட்டி மண்ணையும், பிடுங்கிய கீரையையும் ஒரு பரிசோதனைக்கூடத்தில் கொடுத்திருந்தார். மூன்று வாரம் கழித்துத் தாள் வந்தது. நான்கு டிரம்களின் மண்ணிலும் அமிலக் கழிவின் உலோகம் இருக்கிறது. கீரையில் ஏறியிருப்பது மிகக் கொஞ்சம். கெட்ட செய்தியைச் சொல்லப் போனவர், பாதி நல்ல செய்தியையும் அதேபோல எடுத்துக்கொண்டு, பதினொரு வீட்டுக்கும் இரண்டாம் முறை போனார். நான் கதவைத் திறக்கவில்லை. தாளின் நகலைக் கதவடியில் நுழைத்துவிட்டுப் போயிருந்தார். 'மிகக் கொஞ்சம்' என்ற இடத்தில் அவர் கோடு போட்டு வைக்கவில்லை. 'மண்ணில் இருக்கிறது' என்ற இடத்திலும் கோடு இல்லை. படிப்பவர்கள் படித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார்.

அந்த மண்ணை என்ன செய்வது? யாரோ ஓடையில் கொட்டிவிடச் சொன்னார்கள். "அந்தத் தண்ணியிலதான் இன்னும் கீர வெளயுது" என்று அக்கா மறுத்துவிட்டார். அடுத்து நடந்ததை நம் தொழிற்சாலைக்காரர்கள் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். ஒரு திங்கட்கிழமை காலை ஏழுமலை அண்ணனின் ஆட்டோ மண்மூட்டைகளோடும் அறுத்த டிரம்களோடும் தொழிற்சாலை வாசலில் வந்து நின்றது. சீட்டு இல்லாமல் எதுவும் உள்ளே போகாது என்றார் காவலாளி. அக்கா சீட்டை எடுத்து நீட்டினார். சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் சீட்டு. பொருள்: மண். காரணம்: முலாம் பிரிவுக் கழிவு கலந்தது. மேலாளர் வெளியே வந்து, இது என்ன விளையாட்டு என்று கேட்டார்.

"விளையாட்டு இல்ல சார். இது இங்கிருந்து வெளிய போன சரக்கு. போறதுக்கு நான்தான் பாஸ் போட்டேன். வர்றதுக்கும் நானே போட்டுட்டேன். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் உள்ளே போகாமல் வேடிக்கை பார்த்தார்கள். பத்து நிமிடம் கழித்து மேலாளர் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அந்தத் தொழிற்சாலையிலிருந்து ஒரு டிரம்கூட வீட்டு உபயோகத்துக்கு வெளியே போகவில்லை. அக்காவுக்கு அந்த வருடம் சம்பள உயர்வு வரவில்லை. அதைப் பற்றி அவர் பேசியதும் இல்லை.

எங்களுக்குப் பெண் பிறந்தாள். சுகமாகப் பிறந்தாள், சுகமாகவே வளர்கிறாள். குழந்தையோடு வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதம், வசந்தி என்னிடம் சொல்லாமல் அக்கா வீட்டுக்குப் போய், "அக்கா, மறுபடி எப்போ கீர போடுவீங்க?" என்று கேட்டிருக்கிறாள். அக்கா குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அதன் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாராம். பிறகு, "மண்தொட்டி வாங்கணும்" என்றாராம். நஞ்சப்பாவிடம் வசந்திதான் போய்ப் பேசினாள். இந்த முறை ஒவ்வொரு தொட்டிக்கும் ஓர் அட்டை இருந்தது. மண் எங்கிருந்து, எரு எங்கிருந்து, விதை யார் கொடுத்தது, கீரை எந்த வீட்டுக்குப் போனது, எல்லாம் அதே உருண்டையான கையெழுத்தில்.

நானும் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தேன். மன்னிப்பு என்று எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் காலை மாடியில் துணி காயப்போடப் போனேன், அவர் ஒரு தக்காளியைப் பறித்து நீட்டினார், அங்கேயே தின்றேன். அவ்வளவில் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் எனக்குள் முடியவில்லை. கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான்.

அந்த டிரம்களை ஆட்டோவில் ஏற்றிய அன்று, ஒன்றைச் சாய்த்தபோது அதன் அடியில் மஞ்சளும் பச்சையுமாக ஏதோ படிந்து காய்ந்திருந்ததைப் பார்த்தேன். மூக்கில் சுருக்கென்று ஏறும் ஒரு புளித்த வாடை வந்தது. தர ஆய்வுக்காக நான் தினமும் முலாம் பிரிவுக்குள் போய்வருகிறவன். அந்த வாடை எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. கழுவினால் போய்விடும் என்று நினைத்தேன். அக்கா அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். அதைக் கெடுக்கவும் மனம் வரவில்லை. சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்றும் இருந்தது. இரண்டு வருடம் கழித்து அவர் என் வாசலில் வந்து நின்றபோது நான் அத்தனை சத்தமாகக் கத்தியதற்கு இதுதான் காரணம்.

தொழிற்சாலையை மூடி, எல்லோரும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பிரிந்து, நான் எலெக்ட்ரானிக் சிட்டி வேலையில் சேர்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடியில் வைத்து இதை அவரிடம் சொன்னேன். மிளகாய்ச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியும்பா" என்றார். "நீ மூக்கச் சுளிச்சத அன்னிக்கே பாத்தேன்."

மண்ணை அணைத்துக்கொண்டே அவர் மேலும் பேசினார்.

"பாத்துட்டு நானும் கேக்கல. கேட்டா நீ சொல்லியிருப்ப. சொன்னா அங்கயே விட்டுட்டு வந்திருக்கணும். எனக்கு அந்த டிரம் வேணும்னு இருந்துச்சு. கீரக்காரிகிட்ட கேக்கத் தெரிஞ்சவளுக்கு உங்கிட்ட கேக்கத் தெரியல."

அப்படியானால் அன்று வாசலில் ஏன் என்னைச் சொல்லவில்லை என்று கேட்டேன். காம்பவுண்டே கேட்கும்படி அவரைத் திட்டிக்கொண்டிருந்தேனே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாய் அடைத்திருக்குமே.

கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். "நான் செஞ்சத நான் சொல்ல வந்தேன். நீ செஞ்சத நீதான் சொல்லணும்" என்றார். பிறகு தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். குவாரியில் கல் தூசியை மூச்சில் இழுத்து இழுத்து, நாற்பத்திரண்டு வயதில் நுரையீரல் போய் இறந்தவர் அவர். "அந்தத் தூசி ஆளைக் கொல்லும்னு அங்க நாலஞ்சு பேருக்காவது தெரிஞ்சிருக்கும். ஒருத்தராவது எங்க வீட்டுக் கதவத் தட்டியிருந்தா எங்கம்மா அனுப்பியிருக்க மாட்டா. தெரிஞ்சுக்கிட்டுச் சும்மா இருக்கறாங்க பாரு, அதவிடப் பெரிய கலப்படம் எதுவும் இல்ல."

வசந்தியிடம் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஐந்து வருடம் அக்கா உயிரோடு இருந்தார். ஒருமுறைகூட, சொல்லிவிட்டாயா என்று அவர் கேட்கவில்லை.

இறுதிச் சடங்கில், இவ்வளவு பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டவருக்கே ஐம்பத்தேழு வயதில் இப்படியா என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அக்கா சாகாமல் இருப்பதற்காகக் கீரை வளர்க்கவில்லை. தன் கையால் இன்னொருவர் தட்டில் போடுவது என்ன என்று தெரிந்து போட வேண்டும். தவறாகப் போட்டுவிட்டால் அதைப் போய்ச் சொல்ல வேண்டும். அவருக்கு இருந்த கவலை அதுதான். அதில் அவர் கடைசி நாள் காலை வரைக்கும் குறை வைக்கவில்லை.

சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு, வசந்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டிரம்மைச் சாய்த்தபோது நான் பார்த்ததைச் சொன்னேன். அவள் கேட்டாள். அழவில்லை, கத்தவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. எழுந்து உள்ளே போனவள், கொஞ்ச நேரம் கழித்து நிலைப்படியில் வந்து நின்றாள்.

"பாக்கி பத்து வீடு?" என்று கேட்டாள்.

கதவைத் தட்டிச் சொல்லிவிடுவது: அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான். அதையும் அவர் போன பிறகுதான் கையில் எடுத்தேன். அந்தப் பத்து வீடுகளில் ஏழு குடும்பங்கள் இருக்கும் இடம் தெரிந்தது. போன இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டேன். மற்ற மூன்று குடும்பங்கள் ஈஜிபுராவை விட்டுப் போய்ப் பல வருடமாகிறது. எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. இந்த மலர் எப்படியாவது அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தால், உங்கள் வாசலில் வந்து நின்று சொல்வதாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்: அந்த டிரம்மை நான் பார்த்தேன். எனக்குத் தெரிந்திருந்தது. நான் சொல்லவில்லை.